போப்பாண்டவர் ஊர் மிட்டாயும் ஒரகடத்து ஊதுற மிஷினும்

1

நான் பிரான்சிலிருந்து ஊருக்குச் சரக்கு அனுப்பினேன் என்று வல்லக்கோட்டைப் பக்கம் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறதாம். வாசனைப் பைக்குள் பாட்டிலை வைத்துத் தைத்து அனுப்பினேன் என்கிறார்கள் சிலர். எனக்கு இங்கே சாராயக்கடையே இருக்கிறது என்றும், என் வீட்டுக்காரர் ஓட்டுவது பஸ் இல்லை, சரக்கு லாரி என்றும் கேள்வி. பால் வாங்கப் போன என் அம்மாவை வழியில் நிறுத்தி, எங்களுக்கும் ஒன்று அனுப்பச் சொல்லக்கூடாதா என்று பெரிய மனிதர் ஒருவரே கேட்டிருக்கிறார். அவர் பெயரை நான் எழுதவில்லை. அவர் மனைவி இதைப் படிப்பார்.

ஆகவே நடந்ததை நடந்த மாதிரியே எழுதிவிடுவது நல்லது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி ஒன்றில் பேக்கிங் லைனில் நின்றேன். டப்பா மேல் லேபிள் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. கோணலாக இருந்தால் எடுத்து ஓரமாக வைக்க வேண்டும். லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பது என் வேலை இல்லை. அதற்கு வேறு ஆள். ஒருநாள் ஆசைப்பட்டு நின்று படித்ததற்கு, லைனை நிறுத்திவிட்டேன் என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்தினார். அதோடு லேபிள் படிக்கும் பழக்கம் போயிற்று. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிறகு பாண்டிச்சேரிக்காரர் அமல்ராஜோடு கல்யாணம் ஆயிற்று. அவர் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. லியோன் என்கிற பெரிய ஊருக்கு வெளியே அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். அவர் டவுன் பஸ் ஓட்டுகிறார். நான் ஒரு பள்ளிக்கூட கேன்டீனில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறேன். ஒரே மகள் லியா, பதினாலு வயது. தமிழில் கேட்டால் புரியும், பதில் பிரெஞ்சில் வரும்.

எனக்கு வியாதி என்று ஒன்றும் இல்லை, கவலை மட்டும்தான். ஒருநாள் கவலை இல்லாமல் விடிந்துவிட்டால், எதையோ மறந்துவிட்டோம் என்று அதற்கு ஒரு கவலை வரும். மழைக்காலத்தில் இங்கே கேன்டீனில் சூப் ஊற்றிக்கொண்டே செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று போனில் பார்ப்பேன். எங்கள் ஊர் ஏரிக்குக் கீழே இல்லை. திறந்துவிட்டாலும் தண்ணீர் எங்கள் பக்கம் வராது. இருந்தாலும் பார்க்கிறேன்.

2

இந்த வருஷம் எங்கள் கல்யாண நாளுக்கு அமல்ராஜ் பழைய ஊர் ஒன்றைக் காட்டுகிறேன் என்றார். ஊர் பெயர் அவிஞ்ஞோன். போனில் அம்மாவிடம் சொன்னேன். "கல்யாண நாளும் அதுவுமா அவிஞ்சு போன ஊருக்கா போறீங்க?" என்றாள். இல்லையம்மா, அது பேரே அப்படித்தான் என்றேன். பேர் வைத்தவனுக்குத் தெரியாமலா வைத்திருப்பான் என்று போனை வைத்துவிட்டாள்.

பல நூறு வருஷத்துக்கு முன்னால் போப்பாண்டவர்கள் ரோமை விட்டுவிட்டு இந்த ஊரில் வந்து இருந்தார்களாம். அவர்கள் கட்டிய அரண்மனை கோட்டை மாதிரி நிற்கிறது. உள்ளே போனால் ஒவ்வொரு அறையும் நம் கம்பெனிகளின் குடோன் அளவு. ஆனால் கட்டில் இல்லை, நாற்காலி இல்லை, ஒரு மணை கூட இல்லை. வாசலில் கையகலக் கம்ப்யூட்டர் ஒன்று தருகிறார்கள். அதை வெறும் சுவரைப் பார்த்துக் காட்டினால் திரையில் கட்டில் தெரிகிறது, திரைச்சீலை தெரிகிறது, விருந்துச் சாப்பாடு தெரிகிறது. கையை இறக்கினால் மறுபடி வெறும் சுவர். நம் பக்கம் மனை விற்கிறவர்கள் புதருக்கு நடுவில் நின்றுகொண்டு, இங்கே பார்க் வரும், இங்கே பள்ளிக்கூடம் வரும் என்று படம் காட்டுவார்களே, அதே வித்தைதான். அவர்கள் வரப்போவதைக் காட்டுகிறார்கள், இவர்கள் போனதைக் காட்டுகிறார்கள். இரண்டுக்கும் பணம் நாம்தான் கட்டுகிறோம்.

அங்கிருந்து பாலம். ரோன் ஆற்றின் மேல் எப்போதோ கட்டிய கல்பாலம். வெள்ளம் வந்து வந்து உடைக்க, கட்டிக் கட்டிச் சலித்துப்போய் விட்டுவிட்டார்கள். இப்போது கரையிலிருந்து கிளம்பி நடு ஆற்றில் நின்றுவிடுகிறது. அதன் மேல் நடந்து போய், தண்ணீரை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்கு டிக்கெட். நம் பக்கமும் பாதியில் நிற்கிற பாலங்களைப் பார்த்திருக்கிறேன். டிக்கெட் போடலாம் என்று இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.

அங்கே காற்று ஆளைத் தள்ளுகிறது. லியா பறந்துவிடுவாளோ என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கையை உருவிக்கொண்டாள். மனசைத் தேற்றிக்கொள்ள டிக்கெட் கிழிக்கிறவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பாலத்தை எப்போது முடிக்கப் போகிறீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டேன். பாலத்துக்குப் பெண்பால் போட்டுக் கேட்டுவிட்டேன் போல. வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் லியா திருத்தினாள்: பாலம் ஆண்பாலாம். பின்னால் ஒரு அம்மாள் சிரித்தார். அவர் என் கேள்விக்குச் சிரித்தாரா, மொழிக்குச் சிரித்தாரா தெரியாது. எங்கள் மொழியில் பாலம் பாலம்தான். அதற்கு மீசையும் முளைக்காது, ஜடையும் பின்ன வேண்டாம்.

லியாவை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "நாலு பேர் முன்னாடி என்னைத் திருத்தாத. எதுவா இருந்தாலும் வீட்ல வந்து சொல்லு."

"தக்கோர்," என்றாள். சரி என்று அர்த்தம். இங்கே பிள்ளைகள் தக்கோர் என்றால் தக்கோர்தான். நம் பிள்ளைகள் மாதிரி மறந்துவிட மாட்டார்கள்.

3

மத்தியானம் ஓட்டலில் உட்கார்ந்தோம். அந்த ஊரின் விசேஷமே 'டோப்' என்று ஒரு கறிக்குழம்பாம். பெயரைக் கேட்டதுமே வேண்டாம் என்றேன். நம்மூரில் டோப்பு என்றால் கஞ்சா, போலீஸ் வரும். அமல்ராஜ் எவ்வளவோ சொன்னார், அது வெறும் மாட்டுக்கறி, ஒயின் ஊற்றி வேக வைத்தது என்று. ஒயின் என்றதும் தட்டையே தள்ளிவைத்துவிட்டு ரொட்டி சாப்பிட்டேன். என்னைக் குறை சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அன்றைக்கு அந்த ஊரில் சாராய வாடைக்குப் பயந்து பட்டினி கிடந்த ஒரே ஆள் நான்தான்.

சாப்பிட்டுவிட்டுக் கடைத்தெரு. அந்த ஊர்க்காரர்கள் சிள்வண்டைப் பீங்கானில் செய்து சுவரில் மாட்டுகிறார்கள். பக்கத்தில் போனால் கத்துகிறது. எங்கள் வீட்டுப் புளியமரத்தில் இலவசமாகக் கத்துவதை நிறுத்த அம்மா கல் எடுத்து வீசுவாள். ஒரு கடை வாசலில் கொட்டை எழுத்தில் 'அந்தியேன்' என்று பலகை. இந்தியப் பெண்கள் என்று அர்த்தம். கீழே தள்ளுபடி விலை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லியாவை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினேன். அது பூப்போட்ட பருத்தித் துணியாம். அந்தக் காலத்தில் நம் கடற்கரையிலிருந்து கப்பலில் வந்ததால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டதாம். துணிக்கு வைத்த பெயரைத் துணி என்று தெரிகிற மாதிரி வைத்தால் என்ன.

ஓடிப்போய் நின்ற இடம்தான் அந்த மிட்டாய்க்கடை. அமல்ராஜ் ஐஸ்கிரீம் வாங்க வரிசையில் நிற்கப் போய்விட்டார். நானும் லியாவும் மட்டும் உள்ளே போனோம். தட்டில் ரோஸ் நிறத்தில், பலாப்பிஞ்சு மாதிரி முள் முள்ளாகச் சின்ன உருண்டைகள். பெயரே போப்பாண்டவரை வைத்துத்தான். கடைக்காரம்மா ஒன்றைத் தின்னக் கொடுத்தார். முதலில் சர்க்கரை, அப்புறம் சாக்லேட், அதற்குள்ளிருந்து சொட்டாக ஏதோ வழிந்தது. சுத்தமான கற்பூரவல்லி வாசனை. தொண்டையில் இறங்கி நெஞ்சில் கதகதவென்று பரவியது. சளி பிடித்தால் அம்மா இடித்துத் தரும் சாறு ஞாபகம் வந்துவிட்டது.

இது என்ன என்று கேட்டேன். கடைக்காரம்மா உருண்டையின் நடுவைத் தொட்டுக் காட்டி, வேகமாக ஏதோ சொன்னார். என் காதில் கடைசியாக விழுந்தது 'கேர்' என்கிற சொல். கேர் என்றால் இருதயம். கேன்டீன் வேலைக்கு மெடிக்கல் செக்கப் போனபோது டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்ட சொல். நெஞ்சுக்கு நல்லதா என்று என் நெஞ்சைத் தொட்டுக் கேட்டேன். கடைக்காரம்மா சிரித்துவிட்டு, ரொம்ப ரொம்ப நல்லது மதாம் என்றார்.

லியா வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

எங்கள் அப்பா நெஞ்சுவலியில் போனவர். தம்பி முரளிக்கும் வந்துவிடுமோ என்கிற பயம் எனக்கு எப்போதும் உண்டு. டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். லேபிள் நூல் பிடித்த மாதிரி நேராக ஒட்டியிருந்தது. வாங்கிவிட்டேன்.

4

முரளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரகடத்தில் கார் பார்ட்ஸ் செய்யும் கம்பெனியில் காண்ட்ராக்டில் பல வருஷம் ஓட்டியவன். அங்கே காண்ட்ராக்ட் ஆட்களுக்குச் சாம்பல் சட்டை, பர்மனெண்டுக்கு நீலச் சட்டை. சாம்பல் சட்டைக்காரன் கேட்டால் பேங்கில் லோன் பாரம் தீர்ந்துபோயிருக்கும். நீலச் சட்டைக்காரன் போனால் டீ வரும். இந்த வருஷம்தான் முரளி பெயர் நீலச் சட்டை லிஸ்டில் ஏறியது. சில வாரம் எந்தக் கம்ப்ளைண்டும் இல்லாமல் தாண்டினால் ஆர்டர் கையில்.

இன்னொன்றும் உண்டு. மறைத்து என்ன, ஊருக்கே தெரியும். முரளி குடித்துக்கொண்டிருந்தவன். வாடை தெரியாமல் இருக்கத் தொட்டியிலிருக்கும் கற்பூரவல்லி இலையைப் பறித்து மென்றுகொண்டு வீட்டுக்குள் வருவான். அவன் மனைவி தேவி அந்தச் செடியையே வேரோடு பிடுங்கித் தெருவில் போட்டாள். பிறகு அவனை வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், கற்பூரம் ஏற்றி, சத்தியம் வாங்கினாள். மறுபடி தொட்டால் பிள்ளையோடு தாய்வீடு போய்விடுவேன், திரும்ப மாட்டேன் என்று அங்கேயே சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து முரளி தொடவில்லை. இது சத்தியம். நான் செய்கிற சத்தியம்.

அமல்ராஜின் சொந்தக்காரர் ஒருவர் மறுநாளே சென்னைக்குப் பறந்தார். அவர் கையில் மிட்டாய் டப்பாவைக் கொடுத்தனுப்பினேன். தேவிக்கு, துணிக்கு நடுவில் வைக்கிற வாசனைப் பை. முரளிக்கு வாய்ஸ் மெசேஜில் விவரமாகச் சொன்னேன். இது தின்பண்டம் இல்லை, நெஞ்சுக்கு மருந்து. பிள்ளைக்குக் கொடுக்காதே, யாருக்கும் கொடுக்காதே. காலையில் ஒன்று, அவசரப்படாமல் வாயில் அடக்கிச் சாப்பிடு.

முரளி திருப்பிக் கேட்டான். "அக்கா, பின்னாடி சின்ன எழுத்துல ஆல் கூல்னு போட்டுகீது. எல்லாம் குளிர்ச்சியாக்கா?"

"ஆமாண்டா, எல்லாம் குளிர்ச்சிதான்," என்றேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் முரளி கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, தேவி தன் கையாலேயே ஒரு மிட்டாயைப் பேப்பரில் சுற்றி அவன் சட்டைப்பையில் போட்டாள். மருந்தை மறந்துவிடக்கூடாது அல்லவா. அவள் ஒன்றைக்கூட வாயில் போட்டுப் பார்க்கவில்லை. அவ்வளவு பொறுப்பான பெண்.

5

அந்தக் கம்பெனி கேட்டில், குடித்திருக்கிறார்களா என்று பார்க்க ஊதுகிற மிஷின் ஒன்று உண்டு. அடையாள அட்டையைக் காட்டிவிட்டுக் குழாயில் ஊத வேண்டும். பச்சை எரிந்தால் உள்ளே, சிவப்பு எரிந்தால் வெளியே. எல்லாரும் ஊத வேண்டியதில்லை. செக்யூரிட்டி கைகாட்டுகிறவர் ஊதினால் போதும். சில நாள் கை முரளி பக்கம் வரவில்லை. ஒருநாள் வந்தது. பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் மருந்தை வாயில் அடக்கியிருந்தான். ஊதினான். சிவப்பு.

குடிக்கவில்லை சார் என்றான். சிவப்பு எரிந்தவர்கள் எல்லாருமே அப்படித்தான் சொல்வார்களாம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை ஊதுகிறேன் என்று கெஞ்சினான். மறு ஊதல் கிடையாது என்று ஹெச்.ஆர். சாரே கையெழுத்துப் போட்ட நோட்டீஸ் கேட்டில் ஒட்டியிருந்தது. விசாரணை முடிகிற வரை வேலைக்கு வர வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நீலச் சட்டை லிஸ்டையும் நிறுத்திவைத்துவிட்டார்கள்.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது முரளிக்கு நெஞ்சு படபடவென்று அடித்ததாம். நெஞ்சு படபடத்தால் என்ன செய்வது? முதல் நாள் சாப்பிட மறந்து பையிலேயே கிடந்த இன்னொரு மருந்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டான். அந்த வாயோடு வீட்டுக்குள் போய் நின்றான்.

தேவிக்கு முதலில் வந்தது கற்பூரவல்லி வாசனை.

எனக்கு அவள் போன் வந்தபோது கேன்டீனில் மத்தியானச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டேன். தேவி அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

"அண்ணி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. நீங்க குட்த்தனுப்பின முட்டாய்ல சரக்கு எதனா கீதா?"

எனக்குக் கோபமே வந்துவிட்டது. கறிக்குழம்பில் ஒயின் என்று கேட்டுப் பட்டினி கிடந்தவளை என்ன கேள்வி கேட்கிறாள். "இன்னாம்மா பேசுற? அது நெஞ்சுக்கு மருந்து. கடைக்காரம்மா கிட்ட கேட்டுத்தான் வாங்கினேன்."

"அவரு எல்லாத்தையும் உங்க மேல தூக்கிப் போடுறாரு அண்ணி. அதான் கேட்டேன்."

போனை வைத்துவிட்டாள். அன்று சாயங்காலமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவிலில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். என் தம்பியின் வேலைக்கும் குடும்பத்துக்கும் எதிராகச் சாட்சி சொன்னது மிஷின் ஒன்று, நான் ஒன்று. மிஷினாவது விளக்கை மட்டும் எரித்தது. நான் விளக்கமும் சொன்னேன்.

6

ராத்திரிச் சாப்பாட்டில் அமல்ராஜிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். முரளி பழையபடி ஆரம்பித்துவிட்டான், பழியை என் மிட்டாய் மேல் போடுகிறான் என்றேன். லியா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். பிரெஞ்சில்தான் சொன்னாள், ஆனால் மெதுவாக, நான் கேன்டீனில் சின்னப் பிள்ளைகளிடம் பேசுகிற மாதிரி சொன்னாள்.

கடைக்காரம்மா சொன்னது கேர் மட்டும் இல்லையாம். அதற்கு முன்னால் 'லிக்கேர்' என்று ஒரு சொல் இருந்ததாம். லிக்கேர் என்றால் சாராயம். மலைச்செடிகளை ஊறப்போட்டு வடித்தது. கேர் என்றால் இருதயம் மட்டும் இல்லை, ஒரு பொருளின் நடுவும் கேர்தானாம். மிட்டாயின் நடுவில் சாராயம் இருக்கிறது என்று அந்த அம்மாள் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார். நெஞ்சுக்கு நல்லதா என்று நான் கேட்டதும் வேடிக்கைக்கு ஆமாம் என்றிருக்கிறார்.

"அப்பவே சொல்றதுக்கு என்னடி?" என்றேன்.

"நீதான திருத்தாதன்னு சொன்ன. வீட்டுக்கு வந்து சொல்ல மறந்துட்டேன்," என்றாள். தமிழில்.

டப்பாவின் போட்டோ என் போனிலேயே இருந்தது. அமல்ராஜ் பெரிதாக்கிக் காட்டினார். லேபிளில் சின்ன எழுத்தில், முரளி படித்த அதே சொல். ஆல் கூல் இல்லை, ஆல்கோல். பிரெஞ்சில் ஆல்கஹாலை அப்படித்தான் எழுதுவார்களாம். இங்கிலீஷ்காரன் நடுவில் போடுகிற 'ஹெச்'சை இவர்கள் விட்டுவிட்டார்கள். அந்த ஒரு எழுத்தால் என் தம்பி சாம்பல் சட்டையிலேயே நின்றுவிடப் போகிறான்.

முதலில் தேவிக்குப் போன் போட்டேன். அவள் எடுக்கவில்லை. வாய்ஸ் மெசேஜ் வைத்தேன். பகலில் சொன்னது என் அண்ணி, இப்போது மாற்றிச் சொல்வது அவருடைய அக்கா, அதனால் பகலில் சொன்னதையே நம்புகிறேன் என்று பதில் வந்தது.

அடுத்த நாள் அமல்ராஜ் அந்தக் கடைக்குப் போன் செய்து ஒரு சான்றிதழ் கேட்டார். மிட்டாயில் சாராயம் இல்லை என்று எழுதிக் கேட்கிறவர்கள் உண்டாம். இருக்கிறது என்று எழுதிக் கேட்ட முதல் ஆள் நாங்கள்தானாம். ஆனாலும் மறுக்கவில்லை. இந்த நாட்டில் சான்றிதழ் எழுதச் சொன்னால் யாருக்கும் முகம் மலர்ந்துவிடும். நான் இங்கே குடியிருக்கிறேன் என்பதற்குச் சான்றிதழ், பிள்ளைக்கு நீந்தத் தெரியும் என்பதற்குச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் கூடவே கரண்ட் பில். கரண்ட் பில் காட்டாமல் எனக்குக் கிடைத்த ஒரே சான்றிதழ் இதுதான். சீல் வைத்து மெயிலில் அனுப்பினார்கள்.

முரளி அதை எடுத்துக்கொண்டு ஹெச்.ஆர். சாரிடம் போனான். இது எந்த பாஷை என்று கேட்டாராம். லியா இங்கிலீஷில் மொழிபெயர்த்து அனுப்பினாள். மொழிபெயர்த்தவருக்கு லைசென்ஸ் உண்டா என்று கேட்டாராம். டப்பாவையே காட்டியிருக்கிறான். அதைப் படித்துவிட்டு, ஆல்கஹாலுக்கு ஸ்பெல்லிங் தப்பு, பெரிய கம்பெனி லேபிளில் தப்பு வராது, ஆகவே இது டூப்ளிகேட் என்று எழுதி வைத்துவிட்டார். வெளிநாட்டுச் சரக்கு வழக்கில் இப்போது போலிச் சரக்கு வழக்கும் சேர்ந்துகொண்டது.

நான் கேன்டீனில் உப்புப் போட்ட குழம்பிலேயே திரும்ப உப்புப் போட்டேன். பிள்ளைகள் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்கள்.

7

விசாரணை நாளன்று நடந்ததை முரளி வாய்ஸ் மெசேஜில் சொன்னான். அதை நான் இன்னும் அழிக்கவில்லை. பஸ் இரைச்சலுக்கு நடுவில் அவன் குரல்:

"அக்கா, பேசிகினு இருந்தப்போ செக்யூரிட்டி ஆபீசர் சொன்னாரு, சார், டப்பால மிச்சம் கீது, துன்னுட்டு ஊதிப் பாத்தா தெரிஞ்சுடப் போவுதுன்னு. யாரு துன்றது? நான் துன்னா செல்லாது. ஹெச்.ஆர். சாரு, நானே பாக்குறேன்னு ஒண்ணு எடுத்து வாய்ல போட்டாரு. கண்ண மூடிகினாரு. நல்லாத்தான் கீதுன்னாரு. இன்னொண்ணும் எடுத்துகினாரு. அட்டையைக் காட்டி ஊதுனாரு. செகப்பு. டீ வந்துச்சு, குட்ச்சுட்டு உக்காந்துட்டு திரும்ப ஊதுனாரு. பச்சை. குட்ச்சவனுக்கு அவ்ளோ சீக்கிரம் பச்சை எரியாதாம். அவ்ளோதான்க்கா."

அவ்வளவுதான் என்று அவன் நினைத்தான். அந்த மிஷின் ஊதுகிறவர் பெயரை எழுதி மேலிடத்துக்குத் தானாகவே அனுப்பிவிடும். பச்சையை அது பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சிவப்பை மட்டும் உடனே அனுப்பும். ஹெச்.ஆர். மேனேஜர், பணி நேரத்தில், சிவப்பு. மறு ஊதல் கிடையாது என்று நோட்டீஸில் கையெழுத்துப் போட்டவரும் அவரே. சாயங்காலத்துக்குள் விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து மெயில் வந்துவிட்டது.

அதுவரை செல்லாமல் இருந்த என் சான்றிதழ் அன்று சாயங்காலமே செல்லுபடியாயிற்று. ஸ்பெல்லிங்கும் சரியாகிவிட்டது. பிரெஞ்சில் அப்படித்தான் எழுதுவார்கள், இது கூடத் தெரியாதா என்று ஹெச்.ஆர். சார் செக்யூரிட்டி ஆபீசரிடம் சொன்னாராம். முரளி வேலைக்குத் திரும்பினான். அடுத்த வாரம் நீலச் சட்டை வந்தது. ஒரு சைஸ் பெரிது. அதைத் திருப்பிக் கொடுக்க அவனுக்குத் தைரியம் இல்லை.

தேவி மட்டும் கம்பெனி சொன்னதை நம்பவில்லை. கம்பெனி எதையும் சொல்லும். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து நேராக வந்து, டப்பாவைக் கேட்டு வாங்கி, நின்றபடியே ஒன்றை வாயில் போட்டாள். இருமினாள். முரளியின் முகத்துக்கு நேராக ஊதி, நாற்றம் வருகிறதா என்று கேட்டாள். வருகிறது என்றான். உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் போன் செய்தாள். இப்போதுதான் அழுதாள்.

"தெனம் என் கையாலயே குட்த்தேனே அண்ணி."

மறுநாள் இரண்டு பேரும் வல்லக்கோட்டைக்குப் போனார்கள். முரளி தெரியாமல் தின்றதற்கு மன்னிப்பு, தேவி தெரிந்தே தின்றதற்கு மன்னிப்பு. மறுபடி கற்பூரம், மறுபடி சத்தியம். திரும்பி வந்து தேவி என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டாள். "இனிமே லியா படிச்சுப் பாக்காம ஒரு சோப்புக் கட்டி கூட அனுப்பாதீங்க அண்ணி." நான் தக்கோர் என்றேன்.

8

கதை முடிந்தது என்று நினைத்தேன். ஹெச்.ஆர். சார் முரளியைத் தனியாகக் கூப்பிட்டு, வழக்கமில்லாத மரியாதையோடு நாற்காலி போட்டு உட்காரவைத்து, மெயிலில் வந்தது மேலிடத்துக்குப் போதவில்லை, அசல் சீலோடு, தன் பெயரையும் சேர்த்து ஒரு சான்றிதழ் அக்காவிடம் சொல்லி வாங்கித் தர முடியுமா என்று கேட்டாராம். இன்னார் சாப்பிட்டது மிட்டாய்தான் என்று இருந்தால் போதுமாம். தம்பியின் நீலச் சட்டை இன்னும் ஒரு தண்ணி கூடப் பார்க்கவில்லை. முடியாது என்று எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை நானும் லியாவும் ரயில் ஏறினோம். அரண்மனை அங்கேயே இருந்தது. பாலம் இன்னும் முடியவில்லை. மிட்டாய்க்கடையில் நல்ல கூட்டம். என் முறை வந்ததும் எனக்குச் சான்றிதழ் வேண்டும் என்று ஆரம்பித்தேன். சான்றிதழுக்கு நான் போட்டது பெண்பால். லியா என்னைப் பார்த்தாள். சொல்லு என்று தலையாட்டினேன். அத்தனை பேர் முன்னாலும் கணீரென்று திருத்தினாள். சான்றிதழும் ஆண்பால்தானாம். இந்த நாட்டில் நமக்கு வேலை ஆக வேண்டியது எல்லாமே ஆண்பாலாகத்தான் இருக்கிறது.

கடைக்காரம்மாவுக்கு எங்களை ஞாபகம் இருந்தது. லியா கதையைச் சொல்லச் சொல்ல, கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு காகிதம் எடுத்தார். ஹெச்.ஆர். சாரின் பெயரை லியா எழுத்து எழுத்தாகச் சொல்ல, அழகாக எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். அதில் கேர் என்று விழுந்தது. லிக்கேரா, வெறும் கேரா என்று எனக்குப் பிடிபடவில்லை. பின்னால் வரிசை நின்றது. நான் லியா பக்கம் திரும்பினேன்.

"இந்தத் தடவை கேர்தான்மா," என்றாள். "அவரும் நெஞ்சுக்காகத்தான் சாப்பிட்டாரான்னு கேக்குறாங்க."

ஆமாம், 'வுய்' என்றேன். கடைக்காரம்மா அதையும் ஒரு வரி எழுதி, அதன் மேலேயே சீல் குத்தினார்.